அந்தக் கோப்புக்கு நான் மற்றவள்

இன்று காலை டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, சர்வர் அறையின் சாவியைக் கையில் வைத்தார். சாவி வளையத்தில் நீ கட்டிவைத்த நீல உல்லன் நூல் அப்படியே இருக்கிறது. பத்துச் சாவிகளுக்கு நடுவிலும் சட்டென்று கண்ணில் பட வேண்டும் என்று உன் பழைய ஸ்வெட்டரிலிருந்து பிரித்தெடுத்த நூல். மூக்கருகே கொண்டுபோனேன். யூகலிப்டஸ் தைல வாசனை இன்னும் போகவில்லை. சளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உள்ளங்கையில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு திரிந்தவள் நீ. உன் கீபோர்டைத் தொட்டால் எனக்குத் தும்மல் வருகிறது என்று எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். இன்று தும்மல் வரவில்லை. அழுகைதான் வந்தது.

சாவியோடு ரூட் கணக்கின் கடவுச்சொல்லையும் சொன்னார். ரூட் என்பது அந்தக் கணினியின் தலைமைக் கணக்கு. அதற்கு முன்னால் எந்தப் பூட்டும் பூட்டே இல்லை. நீ இருந்தவரை அது உன்னிடம் மட்டும்தான் இருந்தது. இன்றிலிருந்து இந்த ஆஸ்பத்திரிக்கு வந்துபோனவர்கள் யாருடைய கோப்பையும் நான் திறந்து பார்க்கலாம். உன்னுடையதையும்.

உனக்கு என்ன நோய் என்பதைக் கடைசிச் சில வாரங்கள் வரை நீ எனக்குச் சொல்லவில்லை. இளைத்துப் போகிறாயே என்று கேட்டபோதெல்லாம், "தெரிய வேண்டியவங்களுக்குத் தெரிஞ்சாப் போதும் புள்ள" என்று வாயை அடைத்துவிட்டாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, சொல்லிவிடுகிறேன். செத்தவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். உன்மேல் படலாம், நீ ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டாய். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. மரம் விழுந்த அன்று, நீ வத்தலக்குண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்த அன்று, உனக்கு உன் நோய் தெரியுமா, தெரியாதா? அதற்கான விடை உன் கோப்பில் இருக்கிறது. திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் முன்னால் உன்னோடு கொஞ்சம் பேச வேண்டும் போலிருந்தது.

உன் அறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். மருந்துக் கவுண்டருக்குப் பின்னால், ஒரு காலத்தில் கம்பளிகளை அடுக்கி வைத்திருந்த அறை. இந்த ஊரில் மற்றவர்கள் எல்லாரும் ஹீட்டருக்கு ஏங்க, நீ மட்டும் சர்வரின் பின்பக்கத்து வெதுவெதுப்பில் முதுகைக் காட்டி உட்கார்ந்து வேலை பார்ப்பாய். என்னுடைய மலைப்பாதைச் செய்திப் பக்கத்துக்கும் இதே கணினியில்தான் ஒரு மூலையை ஒதுக்கித் தந்தாய். எந்த வளைவில் பனிமூட்டம், எங்கே மரம் விழுந்திருக்கிறது, எந்த பஸ் பாதியில் நிற்கிறது என்று விடுதிக்காரர்கள் சங்கத்துக்காக நான் நடத்தும் பக்கம் அது. சங்கம் எனக்குக் கொடுக்கும் சம்பளத்தில் தனி சர்வர் வாங்க வழியில்லை. வாடகைக்குப் பதில் வாரம் ஒருமுறை கை முறுக்கு என்று பேசி முடித்தாய். அதன்பிறகு யாரிடம் அறிமுகப்படுத்தினாலும் "இவ நம்ம ஓசிக் குடித்தனம்" என்றுதான் சொன்னாய்.

குடிவந்த முதல் வாரத்திலேயே நான் மூக்கை நுழைத்தேன். ஆஸ்பத்திரிக் கோப்புகள் கிடந்த அடைவில், அதாவது ஃபோல்டரில், என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்ற பட்டியல் எனக்குத் தெரிந்தது. ஒன்றைத் திறக்கப் பார்த்தால் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று வந்தது. என்னடி இது என்று கேட்டேன். நீ நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சொன்னது அப்படியே காதில் இருக்கிறது.

"ஒவ்வொரு கோப்புக்கும் உலகத்துல மூணே மூணு தினுசு ஆளுதான். சொந்தக்காரவுக, அவுக கூட்டத்துல உள்ளவுக, மத்தவுக. படிக்க நாலு, எழுத ரெண்டு, ஓட்ட ஒண்ணு. யாருக்கு என்னென்ன வேணுமோ கூட்டிக்க வேண்டியதுதான். இங்க ஆறு, நாலு, சைபர் போட்டிருக்கேன். கோப்ப வாங்கி வைக்கிற புரோகிராம்தான் சொந்தக்காரவுக, அது படிக்கும், எழுதும். டாக்டரம்மா கூட்டத்துல, படிக்க மட்டும் செய்வாங்க. மத்தவுகளுக்கு ஒண்ணுங் கெடையாது."

"அப்ப நான் யாரு?"

"நீ மத்தவ."

"பதினொண்ணாம் வகுப்புலருந்து ஒரே பெஞ்சுடி."

"பெஞ்சுல நீ எனக்கு உசுரு. இந்தக் கோப்புக்கு நீ மத்தவ."

அந்த வாரம் முறுக்கு வரவில்லை. நீ கேட்கவும் இல்லை. அடுத்த வாரம் நானே கொண்டுவந்து மேசைமேல் டொக்கென்று வைத்தேன். நீ சிரிக்காமல் எடுத்துக் கடித்தாய். உனக்கு இரக்கம் நிறைய உண்டு, இளக்கம் கிடையாது. வேண்டியவர்களுக்காகச் சட்டத்தைக் கொஞ்சம் வளைப்பது மட்டும் உன்னிடம் நடக்காது.

அதற்குக் காரணம் எனக்குத் தெரியும். போளூர்க் கிளை ஆஸ்பத்திரியிலிருந்து முன்பெல்லாம் சீட்டுகளையும் படங்களையும் நர்ஸ் செல்வராணி அக்காவின் செல்போனில் எடுத்து வாட்ஸப்பில்தான் டாக்டரம்மாவுக்கு அனுப்புவார்கள். ஒருநாள் அவசரத்தில் விரல் தவறி, ஒரு பெண்ணின் மருந்துச் சீட்டு ஊர்க் குழுவுக்குள் போய் விழுந்துவிட்டது. அக்கா உடனே அழித்தார். அதற்குள் பூண்டுக் காட்டிலிருந்து டீக்கடைவரை எல்லாரும் பார்த்தாயிற்று. வலிப்புக்குப் போடும் மாத்திரை அது. பேசி முடித்திருந்த கல்யாணம் நின்றுபோனது. செல்வராணி அக்கா இங்கே வந்து உன் முன்னால் உட்கார்ந்து அழுத அழுகையை நானும் பார்த்தேன். அடுத்த நாளிலிருந்தே நீ புது நிரல் எழுத ஆரம்பித்துவிட்டாய்.

போளூருக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையே தனியாக ஒரு வயர்லெஸ் இணைப்பு வந்தது. அங்கே ஏற்றும் படம் நேரே இந்தக் கணினிக்கு வந்து இறங்கும். இறங்கிய அந்தக் கணமே, உன் நிரலில் இருக்கும் ஒரே ஒரு வரி அதன் அனுமதியை மாற்றும். நீ உட்கார்ந்து பூட்டுவதில்லை, வேறு யாரும் பூட்டுவதில்லை. மனிதக் கண் படும் முன்னாலேயே பூட்டு விழுந்திருக்கும். "ஆளு பூட்டுனா அசந்துருவான், மறந்துருவான், தெரிஞ்சவன் வந்தா தொறந்து விட்டுருவான். இந்த வரிக்குத் தெரிஞ்சவன் தெரியாதவன் கெடையாது" என்றாய். அந்த வரியைத் திரையில் காட்டினாய். அரை விரல் நீளம்கூட இல்லை. ஒரு மலை முழுவதின் மானமும் இதற்குள்ளா இருக்கிறது என்று நான் வாய்பிளந்து நின்றேன். அன்று ஆரம்பித்த பிரமிப்பு இன்னும் தீரவில்லை.

இனி அந்தச் சுழியத்தின் கதை. நம் மலையில் செல் நம்பர் கேட்டால் முன்னால் ஒரு சுழியத்தைச் சேர்க்காமல் சொல்பவர் அபூர்வம். எப்போதோ, வெளியூர் எண்ணுக்குச் சுழியம் போட்டுக் கூப்பிட்ட காலத்துப் பழக்கம். காலம் போய்விட்டது, சுழியம் போகவில்லை. செல்வராணி அக்கா அதை அப்படியே கணினியில் ஏற்றிவிடுவார். அடுத்த முறை எப்போது வர வேண்டும் என்று நோயாளிக்கு நீ அனுப்பும் குறுஞ்செய்தி போய்ச் சேராது. சொல்லிச் சொல்லிப் பார்த்தாய்.

"அக்கா, சைபர் வேண்டாங்க்கா."

"அது இல்லாம எப்படிம்மா போகும்? சைபர் போட்டாத்தான ரிங்கு அடிக்கும்."

கடைசியில் அலுத்துப்போய், நம் திரைப் பக்கங்களின் கட்டங்களில் தட்டும் எந்த எண்ணாக இருந்தாலும் முன்னால் நிற்கும் சுழியங்களை நீக்கிவிடும்படி ஒரு வரி எழுதினாய். நான் அதற்கு விளக்குமாறு என்று பெயர் வைத்தேன். "முன்னால நிக்கிற சைபருக்கு என்ன புள்ள மதிப்பு, பெருக்கித் தள்ள வேண்டியதுதான்" என்று நீயும் சிரித்தாய். நம் இரண்டு பேர் வாயும் சும்மா இருந்திருக்கலாம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம். முதல் நாள் சாயங்காலம் ஒரு மாற்றம் செய்தாய். நிரலுக்குள் பொதிந்திருந்த பூட்டு எண்ணை வெளியே எடுத்து, டாக்டரம்மாவின் அமைப்புப் பக்கத்தில் ஒரு கட்டமாக வைத்து, அதில் சைபர் ஆறு நாலு சைபர் என்று தட்டினாய். எதற்கு இந்த வேலை என்று கேட்டேன். "நான் இல்லாட்டியும் நடக்கணும்ல" என்றாய். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை, லீவு போடப் பார்க்கிறாய் என்று நினைத்தேன். மறுநாள் வெள்ளனே முதல் பஸ்ஸில் வத்தலக்குண்டுக்கு இறங்கிவிட்டாய். "கீழ ஒரு சோலி இருக்கு. வெரசா வந்துர்றேன்" என்று மட்டும் செய்தி வந்திருந்தது.

மத்தியானம் போளூரிலிருந்து உள்போன் அடித்தது. மழையில் அங்கே செல்போன் கோபுரம் படுத்துவிட்டது. நம் வயர்லெஸ் இணைப்பும் அதில் ஓடும் உள்போனும்தான் உயிரோடு இருந்தன. டாக்டரம்மா ஓ.பி.யில் இருந்ததால் நான் எடுத்தேன். செல்வராணி அக்கா மூச்சு வாங்கினார். "பூண்டு மூட்டை ஏத்திக்கிட்டிருந்தவரு, நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. வேர்த்துக் கொட்டுது. ஈ.சி.ஜி. எடுத்து ஏத்திட்டேன். டாக்டரம்மாவ வெரசாப் பாக்கச் சொல்லும்மா."

டாக்டரம்மா ஓடிவந்து தன் கணினியில் திறந்தார். அனுமதி மறுக்கப்பட்டது. மறுபடி திறந்தார். மறுபடியும் அதுவேதான். போளூருக்குப் போகும் வழியில் பாதியில் ஒரு பெரிய மரம் ரோட்டை அடைத்துக் கிடந்ததை வெள்ளனேயே என் பக்கத்தில் போட்டிருந்தேன். ஆளை அனுப்புவதா, அங்கேயே வைத்து மருந்து கொடுப்பதா, எந்த மருந்து என்பதெல்லாம் அந்தப் படத்தைப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

உனக்கு அடித்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் இருந்தாய். பின்னால் டிரைவர் ஹாரன் அடிப்பதும், ஒரு குழந்தை வாந்தி எடுப்பதும் கேட்டன. நான் சொன்னதை முழுசாகக் கேட்டுக்கொண்டாய்.

"ரூட் பாஸ்வேர்டச் சொல்லுடி, நான் தொறந்து குடுக்கறேன்."

"சொல்றேன். அதுக்கு நேரமாகும், நீ புதுசு, பதட்டத்துல வேற எதையாச்சும் தட்டிருவ. மொதல்ல இதச் செய். டாக்டரம்மா பக்கத்துல அந்தக் கட்டத்தத் தொற. சைபர் ஆறு நாலு நாலுன்னு போடு. எல்லாரும் படிக்கட்டும், உசுருதான் பெருசு. நான் வந்து மூடிக்கிறேன். அக்காவ மறுபடி ஏத்தச் சொல்லு."

யோசித்துப் பார்க்கிறேன். மற்றவர்களுக்கு ஒரு நூலிழைகூடத் திறக்காத நீ, ஒரு மூச்சுகூடத் தயங்காமல் கதவை விரியத் திறந்துவிடச் சொன்னாய்.

போட்டேன். அக்கா மறுபடி ஏற்றினார். டாக்டரம்மா திறந்தார். அனுமதி மறுக்கப்பட்டது.

உலகத்துக்கே படிக்க விட்டிருக்கிறோம், டாக்டரால் படிக்க முடியவில்லை. டாக்டரம்மா மேசையில் கை வைத்து, "வாட் இஸ் திஸ்மா" என்று மெல்லக் கேட்டார். பழைய மூக்கு நுழைக்கும் புத்திதான் கைகொடுத்தது. உன் அறைக்குள் ஓடி, என் சொந்தக் கணக்கிலிருந்து, அந்த ஓசிக் குடித்தனத்திலிருந்து, அதே கோப்பைத் திறந்தேன். திறந்துகொண்டது. ரோஜா நிறக் கட்டங்களும் நடுவே அந்தக் கிறுக்கல் கோடும் திரை நிறைய வந்தன.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். என் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. உள்போனை எடுத்தார். "ராணி, அட்டாக்தான். நான் சொல்ற மாத்திரைய இப்பவே மென்னு முழுங்கச் சொல்லுங்க. ஊசிய ரெடி பண்ணுங்க" என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். அங்கே அக்கா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்வது எனக்கும் கேட்டது. நான் என் சோலியைப் பார்த்தேன். விழுந்த மரத்தருகே ரம்பத்தோடு நின்றிருந்தவர்களை மருந்துக் கவுண்டர் போனில் பிடித்து, அந்தப் பக்கத்து ஜீப்பிலிருந்து ஆளை நாற்காலியோடு தூக்கி மரத்தைத் தாண்டி இந்தப் பக்கம் ஆம்புலன்ஸில் ஏற்ற ஏற்பாடு செய்தேன்.

இத்தனைக்கும் நடுவே நீ போனை வைக்கவில்லை. நானே மறந்துபோய் மேசையில் கவிழ்த்து வைத்திருந்தேன். காதில் வைத்ததும் உன் குரல் கேட்டது.

"டாக்டரம்மா கணக்குல தொறக்கல. உன் கணக்குல தொறந்துச்சு. அப்படித்தான?"

"ஆமா."

"அந்தக் கோப்போட வரிசைல என்ன எழுத்து தெரியுது? ஒண்ணொண்ணா வாசி."

"கோடு, கோடு, டபிள்யூ. அப்பறம் நாலு கோடு. ஆர். ஒரு கோடு. கடைசில பெரிய டி."

"பெரிய டியா?"

"பெரிய டிதான்."

பஸ் கியர் மாற்றிப் பெரிய வளைவு ஒன்றில் முனகி ஏறுவது கேட்டது. நீ ஏதோ முணுமுணுத்தாய். அறுநூத்தி நாப்பத்தி நாலுல ஐந்நூத்திப் பன்னெண்டு போக, நூத்தி இருபத்தெட்டு போக, மிச்சம் நாலு. பிறகு சிரித்தாய். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

"ஏ புள்ள. நம்ம விளக்குமாறு சைபரப் பெருக்கித் தள்ளிருச்சுடி."

அன்று நீ சொன்னதை எனக்குத் தெரிந்தவரையில் எழுதிப் பார்க்கிறேன், தப்பிருந்தால் மன்னி. அந்த எண்ணுக்கு முன்னால் சுழியம் நின்றால் கணினி அதை எட்டெட்டாக எண்ண வேண்டும் என்று புரிந்துகொள்ளும். சுழியம் போய்விட்டால் கடைக்காரர் மாதிரி பத்துப் பத்தாக எண்ணிவிடும். பத்தின் கணக்கில் அறுநூற்று நாற்பத்து நான்கு, எட்டின் கணக்கில் ஒன்று, இரண்டு, சுழியம், நான்கு ஆகிவிடுகிறது. முதலில் நிற்கும் ஒன்று வேறொரு அடையாளம், அதுதான் அந்தப் பெரிய டி. அதை விடு. மீதியைப் பார். சொந்தக்காரருக்கு இரண்டு: எழுதலாம், படிக்க முடியாது. கூட்டத்தாருக்குச் சுழியம்: ஒன்றுமே இல்லை. மற்றவர்களுக்கு நான்கு: தாராளமாகப் படிக்கலாம். அதற்கு முன் கட்டத்தில் இருந்த அறுநூற்று நாற்பதோ ஒன்று, இரண்டு, சுழியம், சுழியமாகி, ஒருத்தராலும் படிக்க முடியாமல் செய்திருக்கிறது.

வீட்டுக்காரிக்கும் பூட்டு, சொந்தபந்தத்துக்கும் பூட்டு, தெருவில் போகிறவளுக்குத் திறப்பு. அந்தத் தெருவில் போகிறவள் நான். நீ என்னை மற்றவளாகவே வைத்திருந்ததால்தான் ஒரு மனிதர் பிழைத்தார் என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. காகிதம் இல்லை, பேனா இல்லை, வளைவுக்கு வளைவு சாயும் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, நான் வாசித்த பத்து எழுத்தை வைத்து நீ அந்தச் சுழியம் போன வழியைக் கண்டுபிடித்தாய். அன்று நான் அண்ணாந்து பார்த்தேன். கண்ணுக்கு எட்டியது தகரக் கூரைதான். ஆனால் மலைமேல் நின்று முதன்முதலாகச் சமவெளியைப் பார்த்தவளைப் போல இருந்தது எனக்கு.

சாயங்காலம் நனைந்துபோய் வந்தாய். ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாய். அந்தக் கட்டத்தில் என்ன தட்டினாலும் எட்டின் கணக்கிலேயே வாசிக்கும்படி மாற்றினாய். அடைவின் வாசலையும் பூட்டினாய், கோப்புப் பட்டியல்கூட இனி எனக்குத் தெரியாது. பிறகு ஒரு புது வரி சேர்த்தாய். வெளியூர் கிளம்பும்போது வீட்டைப் பூட்டிவிட்டு நம் ஜனங்கள் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார்கள் அல்லவா, அதுதான் அந்த வரி. அனுமதியை மாற்றியதும் நிரலே திரும்பிப் போய், மாறியிருக்கிறதா என்று வாசித்துப் பார்க்கும். சொன்னது ஒன்று, விழுந்தது ஒன்று என்றால் உடனே கூச்சல் போடும். "பூட்டுனா மட்டும் போதாது புள்ள, இழுத்துப் பாக்கணும்" என்றாய்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் காலை ஜெபம் முடிந்ததும் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, "நேத்து நடந்த தப்பு என்னோடது, இப்படித்தான் ஆச்சு" என்று சுழியம் உட்பட ஒன்று விடாமல் சொன்னாய். செல்வராணி அக்காவைத் தனியாகப் போனில் கூப்பிட்டு, "அக்கா, சைபருக்கு மதிப்பு இருக்குங்க்கா. நீங்க சொன்னதுதான் சரி" என்றாய். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

அதற்கு முன்னால், அன்று சாயங்காலமே என்னிடம் கேட்டாய்.

"படத்தப் பாத்தியா?"

"பாத்தேன்."

"பேரும் பாத்தியா?"

"அதுவும்."

"மறந்துரு."

அந்த மனிதர் அடுத்த அறுவடைக்கு ஒரு மூட்டை மலைப்பூண்டைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் போனார். நானே அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் நெஞ்சுக்குள் ஓடிய கோட்டை நான் பார்த்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. அவர் பெயரை இந்த மடலிலும் எழுத மாட்டேன்.

மரம் விழுந்த அன்று சாயங்காலம் நானும் ஒன்று கேட்டேன். "கீழ போன சோலி என்னடி ஆச்சு?"

"முடிஞ்சிருச்சு" என்றாய். திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

அதுதான் எனக்குத் தெரிய வேண்டும். கீழே ஸ்கேன் எடுக்கத்தான் போயிருக்கிறாய் என்பது இப்போது தெரிகிறது. முடிவைக் கையில் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினாயா? உன் உயிரின் கணக்கைத் தெரிந்துகொண்டு, அதை மடியில் வைத்துக்கொண்டா இன்னொருவர் உயிருக்காக எட்டெட்டாக எண்ணினாய்? அல்லது ஒன்றும் தெரியாமல்தான் அப்படிச் சிரித்தாயா? தெரியாமல் சிரித்திருந்தால் மனசுக்கு ஆறுதலாக இருக்கும். தெரிந்தே சிரித்திருந்தால், உன்னை எங்கே வைத்துப் பார்ப்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

கடைசி வாரங்களில் உன் கட்டிலருகே உட்கார்ந்து இதைக் கேட்க வாயெடுத்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, போளூர் ரோட்டில் பனி எப்படி என்று கேட்டாய். நானும் பனியைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தேன். கல்லறைத் தோட்டத்தில் உன்னை வைத்த அன்றும் பனிதான், பாட்டுப் பாடியவர்களின் குரல் மட்டும் கேட்டது.

இன்று டாக்டரம்மா சாவியைக் கொடுத்துவிட்டு உடனே போகவில்லை. கதவோரம் நின்று சொன்னார். "ரூட்ட யார்ட்டம்மா குடுக்கறதுன்னு அவட்டயே கேட்டேன். 'அவகிட்டயே குடுங்க டாக்டர். எட்டிப் பாக்கற ஆசை அவளுக்கு ஜாஸ்தி. ஆனா தொறக்க மாட்டா'ன்னா." சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார்.

பாதகத்தி. போகும்போதும் என்னை மடக்கிவிட்டுத்தான் போயிருக்கிறாய்.

ரூட்டில் நுழைந்தேன். அடைவைத் திறந்தேன். பட்டியலில் நோயாளிகளின் பெயர் இல்லை, எண்கள்தான். உன் எண்ணை மருந்துச் சீட்டில் பார்த்திருக்கிறேன், மறக்கவில்லை. இருந்தது. ஆறு, நாலு, சைபர். எல்லாருக்கும் போட்ட அதே பூட்டு, உனக்கும் அதே. ஒரே ஒரு கட்டளை, ஒரு தட்டு. விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சர்வர் என் முதுகுக்கு வெதுவெதுப்பாக இருந்தது.

அப்போது திரையின் ஓரத்தில் ஒரு வரி எழுந்தது. போளூர், படம் வந்தது. அனுமதி மாற்றப்பட்டது. சரிபார்க்கப்பட்டது.

யாரோ, எந்தக் காட்டிலிருந்தோ வந்து படுத்திருக்கும் யாரோ ஒருவருடைய படம். நீ இல்லை. மண்ணுக்குள் போய்ப் பல மாதம் ஆகிறது. ஆனாலும் உன் வரி ஓடியது. பூட்டியது. திரும்பிப் போய் இழுத்துப் பார்த்தது. அந்த நோயாளிக்கு உன்னைத் தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை. நாளைக்கும் ஓடும், மறுநாளும் ஓடும். நான் இதுவரை பார்த்த எதன் முன்னாலும், பூம்பாறைப் பக்கம் மேகம் விலகிப் பள்ளத்தாக்கு முழுதும் தெரியும் காலைகளின் முன்னாலும்கூட, இப்படி வாயடைத்து உட்கார்ந்ததில்லை.

ரூட்டிலிருந்து வெளியே வந்தேன். என் பழைய கணக்கில் நுழைந்தேன், அந்த ஓசிக் குடித்தனத்தில். அங்கிருந்து உன் கோப்பின் முழுப் பெயரையும் தட்டி, திற என்றேன்.

அனுமதி மறுக்கப்பட்டது.

இன்னொரு தரமும் தட்டினேன். அதே பதில். பூட்டு நன்றாகத்தான் விழுந்திருக்கிறது, புள்ள. இழுத்துப் பார்த்துவிட்டேன்.